அம்மாவின் கையில் இருந்த தேள்

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியின் மகள் வழமையாக ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவாள். அன்று புதன்கிழமை, இரவு பதினொரு மணி. அவளுடைய அழைப்பைக் கண்டதும், யாருக்கு என்ன நேர்ந்ததோ என்ற பயத்துடனேயே தொலைபேசியை எடுத்தேன். பிள்ளைகளையும் சகோதரங்களையும் கடல் கடந்து அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகளில், நேரங்கெட்ட நேரத்தில் ஒலிக்கும் தொலைபேசிக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தந்தான்.

"பெரியப்பா, நித்திரையைக் குழப்பிப்போட்டனோ? ஒரு விசயம் கேக்கவேணும். அப்பம்மாவின்ரை கையிலை ஒரு தேள் இருந்ததெல்லே? அதின்ரை வால் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தது?"

எனக்கு உடனடியாக ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விடயத்தைச் சொன்னாள். தன் இடது முன்கையில், அப்பம்மாவுக்கு இருந்த அதே இடத்தில், அதே தேளைப் பச்சை குத்திக்கொள்ளப் போகிறாளாம். குத்துகிறவர் மாதிரிப்படம் கேட்கிறாராம். வீட்டில் உள்ள புகைப்படங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டாள். அப்பம்மா நிற்கும் படங்கள் பல இருக்கின்றன. ஒன்றிலேனும் தேள் இல்லை. தகப்பனைக் கேட்டாளாம். வால் மணிக்கட்டுப் பக்கம் இருந்ததாக அவன் சொன்னானாம். ஆனால் நிச்சயமாகத் தெரியாது, பெரியப்பாவைக் கேள், அவர்தானே பத்திரிகைக்காரர், அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றானாம்.

"நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்று கூறி வைத்துவிட்டேன். அதன்பின் விடியும்வரை எனக்கு நித்திரை இல்லை.

நான் பத்திரிகைத் தொழிலில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவன். முப்பது வருடங்களுக்கு முன்னர் பேட்டி கண்ட ஒருவருடைய சட்டையின் நிறத்தை இன்றும் என்னால் சொல்ல முடியும். ஆனால் ஐம்பத்தேழு வருடங்கள் அம்மா என்று அழைத்த ஒருத்தியின் கையில் இருந்த தேளின் வால் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா 1922 ஆம் ஆண்டு பூநகரியில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, மூத்த சகோதரியை வயலில் புடையன் பாம்பு தீண்டிவிட்டது. இரண்டு நாட்கள் கிடந்து அந்தப் பிள்ளை இறந்துபோனது. எட்டுச் செலவு முடிந்து சில வாரங்களில் அவ்வழியாக வந்த ஒரு குறத்தியை எங்கள் பாட்டி மறித்து, மிஞ்சியிருக்கும் பிள்ளைக்கு விஷ ஜந்துக்கள் அண்டாதபடி ஏதாவது செய்து தரும்படி கேட்டிருக்கிறார். தேளைக் குத்திக்கொண்டால் தேளும் கொட்டாது, பாம்பும் விலகிப் போகும் என்று அவள் சொன்னாளாம். கூலி ஒரு கொத்து நெல்லும் ஒரு பழஞ்சேலையும். விளக்குக் கரியும் ஏதோ பச்சிலைச் சாறும் அயல்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியிடம் வாங்கிய தாய்ப்பாலும் சேர்த்து மை குழைத்தார்களாம். ஊசிகளைச் சேர்த்துக் கட்டி அவள் குத்தக் குத்த, பாட்டி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது குறத்தியைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. "அவள் பாட்டுப் பாடிக்கொண்டுதான் குத்தினவள்" என்பார். சென்னை அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளராக இருந்த எட்கர் தேர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட 7 தொகுதிகளில், குறவப் பெண்கள் பச்சை குத்தும் முறையை விவரித்திருக்கிறார். நான் பின்னாளில் அதனைப் படித்தபோது, அம்மா சொன்னவற்றுக்கும் அதற்கும் இடையே இருந்த நெருக்கத்தைக் கண்டு வியந்தேன். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் அந்தப் பெண்கள் ஒரே கைப்பழக்கத்தைத்தான் வைத்திருந்திருக்கிறார்கள்.

கரிய மையைக் குத்தினாலும் அது தோலின் அடியிலிருந்து பசுமையும் நீலமும் கலந்த நிறத்தில் தெரியும். பச்சை என்ற பெயர் அதனால்தான் வந்திருக்க வேண்டும். அம்மாவின் தேளும் அப்படித்தான் இருந்தது. மழைக்குப் பின் மதிலில் படரும் பாசியின் நிறம். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வடிவந்தான் ஞாபகம் இல்லை.

ஏன் ஞாபகம் இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் அன்றிரவு முழுவதும் நான் தவிர்க்கப் பார்த்தேன்.

அம்மா வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். யார் பச்சை குத்தலாம், யார் குத்தக்கூடாது என்பதையும் சாதியோடு சேர்த்து வகுத்து வைத்திருந்த ஊர் அது. புகுந்த வீட்டில் அவருடைய முன்கையைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர் அப்பாவின் தாயார். கலியாணப் படம் எடுத்த புகைப்படக்காரர் ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து அம்மாவின் இடது கைக்கு முன்னால் வைத்தாராம். அன்றுமுதல் அம்மாவின் எல்லாப் படங்களிலும் அந்தக் கைக்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்தது. பூச்சாடி இல்லாத இடத்தில் சேலைத் தலைப்பு இருந்தது. அல்லது நாங்கள் ஒருவர் மாறி ஒருவராகக் கைக்குழந்தையாக இருந்தோம். அந்தக் கலியாணப் படமும் இப்போது இல்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் வெளியேறிய நாட்களில், கோண்டாவிலில் அக்கா குடியிருந்த வீட்டில் விடப்பட்ட றங்குப்பெட்டியோடு அதுவும் போனது.

வீட்டில், குசினியில், அம்மா தேங்காய் துருவும்போது மட்டும் தலைப்பு விலகும். கை முன்னும் பின்னும் போய்வர, தேள் ஊர்வதுபோல் இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தவன்தான் நானும்.

1961 ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் தமிழ்ப் பாடத்துக்கு எனக்கு முதற்பரிசு. அம்மா வந்திருந்தார். நான் பரிசோடு இறங்கி வந்தபோது, மகிழ்ச்சியில் இரு கைகளையும் நீட்டி என்னை அணைத்துக்கொண்டார். தலைப்பு சரிந்தது. பின்வரிசையில் இருந்த என் வகுப்புத் தோழன் ஒருவன் எல்லாருக்கும் கேட்கும்படி, "டேய், உன்ரை அம்மா குறத்தியே?" என்றான். சிரிப்பு எழுந்தது. நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன்: "இனிமேல் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம். வாறதெண்டால் அந்தத் தேளை அழிச்சுப்போட்டு வாங்கோ."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் பள்ளிக்கூட வாசலுக்கு அவர் வந்ததும் இல்லை. நானும் அந்தக் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்க்காமல் இருப்பதும் ஒரு பழக்கந்தான். சில வருடங்கள் முயன்றால் கைவந்துவிடும்.

பிறருடைய கைகளையும் தோள்களையும் பார்ப்பதற்கு எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அன்றிரவு புரண்டு படுத்தபடி கிடந்தபோது, அம்மாவின் தேளுக்குப் பதிலாக வேறு இரு விலங்குகள் துல்லியமாக நினைவுக்கு வந்தன.

ஒன்று புலி. நான் வேலை செய்த பத்திரிகையில் அச்சுக்கோப்பாளராக இருந்த மலையகத்து நண்பர் ஒருவரின் வலது முன்கையில் அது இருந்தது. வாயைத் திறந்த புலித்தலை. அதன் தாடைக்குக் கீழே 1968 என்று ஆண்டு. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவருடைய தகப்பனார் திருவிழாக்காலங்களில் மஞ்சளும் கறுப்புமாக உடம்பெங்கும் பூசிக்கொண்டு புலியாட்டம் ஆடுகிறவர். தகப்பன் இறந்த வருடம், அவர் நினைவாக மகன் குத்திக்கொண்ட புலி அது. விடுதலைப் புலிகள் இயக்கம் தோன்றியது 1976 மே மாதத்தில். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே பிறந்த புலி அது என்று அவர் பகிடியாகச் சொல்வார்.

இலங்கைக் காடுகளில் சிங்கமும் கிடையாது, புலியும் கிடையாது. இங்கே உள்ளது சிறுத்தை மட்டுமே. ஆயினும், காட்டில் இல்லாத அந்த இரு விலங்குகளின் பெயரால் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் உயிர்கள் போயின என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு நண்பர் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். கொழும்பு வெயிலில், அச்சுக்கூடத்தின் புழுக்கத்தில், கைப்பொத்தானைக் கழற்றாமல் எழுத்துக் கோப்பார். 1985 ஆம் ஆண்டளவில் ஒரு நாள், புளொக் செய்யும் பகுதியில் துத்தநாகத் தகடுகளை அரிப்பதற்கு வைத்திருந்த நைத்திரிக்கமிலத்தை எடுத்துத் தன் கையில் ஊற்றிக்கொண்டார். விபத்து என்றுதான் எல்லாருக்கும் சொன்னார். எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். புலி போனது, 1968 உம் போனது, ஒரு பெரிய தழும்பு மிஞ்சியது.

1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்ட பின்னர் கொழும்பில் சோதனைச் சாவடிகள் பெருகின. தமிழ் இளைஞர்களின் முழங்கால்களையும் முழங்கைகளையும் பார்த்து, தழும்பு இருந்தால் ஆயுதப் பயிற்சி பெற்றவர் என்று முடிவு கட்டிய காலம் அது. நண்பர் இளைஞர் அல்லர். அவருக்கு அப்போது ஐம்பதை அண்டிய வயது. இருந்தும் சட்டைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். பதினொரு நாட்கள் ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். நாங்கள் கடிதங்களும் சான்றுகளும் கொண்டு அலைந்துதான் அவரை மீட்க முடிந்தது.

வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்தபோது அவர் சொன்னது இது: "ஐயா, அந்தப் புலிய அப்படியே விட்டிருக்கணும். அறுபத்தெட்டுல குத்துனதுன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. இந்தத் தழும்புல என்ன வருஷம் எழுதியிருக்கு, சொல்லுங்க?"

தோலில் உள்ள படத்துக்காக மனிதரைப் பிடிப்பது போருடன் முடிந்துவிடவும் இல்லை. 2014 ஏப்ரலில், புயத்தில் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் பௌத்தத்தின் மீது கொண்ட பற்றினால் அதைக் குத்தியிருந்தவர். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2017 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குத்தியவர் மனதில் ஒரு பொருள், பார்ப்பவர் கண்ணில் வேறொரு பொருள். பெரும்பாலும் பார்ப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது.

மற்றது மீன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பின்னர், மூன்றாம் நாள் நான் கிழக்குக்குப் போனேன். ஒரு மருத்துவமனையின் விறாந்தையில் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. முகங்களை வைத்து எவரையும் அடையாளம் காணக்கூடிய நிலை கடந்துவிட்டது. உறவினர்கள் சேலைத் துண்டையும் மோதிரத்தையும் தாலிக்கொடியையும் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் முகங்களைப் பார்க்காமல் ஒவ்வொரு உடலின் வலது தோளையும் பார்த்தபடி வந்தாள். பதினேழாவதோ பதினெட்டாவதோ உடலில் நின்றாள். தோளில் ஒரு விரல் நீளத்துக்கு மீன் ஒன்று. குழந்தைகள் கீறுவது போன்ற மீன்.

பின்னர் அவள் ஒரு தூணோடு சாய்ந்திருந்து என்னிடம் பேசினாள். கணவன் பதினாறு வயதில், தோணிக்கரையில், கூட்டாளி ஒருவனைக் கொண்டு குத்திக்கொண்டதாம். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரனின் கேள்வி. "ஒண்டுமில்லை ஐயா, சும்மா பகிடிக்குக் குத்தினது" என்றாள். கலியாணம் முடித்த புதிதில் அந்த மீனைக் கேலி செய்து அவள் சிரிப்பாளாம். "இண்டைக்கு அது இல்லாட்டி இவரை நான் எங்கை தேடுவன்?" என்றாள். அன்று பிற்பகல் அவள் தன் கணவனைத் தன் ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்தாள். பெயர் தெரியாமல் கூட்டாகப் புதைக்கப்பட்டவர்களில் அவர் சேரவில்லை. நான் அந்தச் செய்தியை எழுதி அனுப்பினேன். அது பிரசுரமாகவில்லை. எண்ணிக்கைகளை அச்சிடுவதற்கே பக்கங்கள் போதாதிருந்த நாட்கள் அவை.

பச்சை குத்துகிறவர்கள் எல்லாரும் அதன் பொருளை அறிந்துதான் குத்துகிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. ஐரோப்பியக் கப்பலோட்டிகள் ஒரு பாதத்தில் பன்றியையும் மறு பாதத்தில் சேவலையும் குத்திக்கொள்வது வழக்கம். கப்பல் உடைந்தால் மரக்கூடுகளில் அடைக்கப்பட்ட பன்றியும் சேவலும் மிதந்து கரைசேரும், ஆகவே அவற்றைச் சுமப்பவனும் மூழ்கமாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அது எங்கள் பாட்டியின் நம்பிக்கையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படிக் காரணம் சொல்ல ஆள் மிஞ்சுவதில்லை. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், உக்கொக் பீடபூமியில், 1993 ஆம் ஆண்டு பனிக்குள்ளிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 2,500 வருடப் பழைமையான பெண்ணின் தோளில் ஒரு மான் இருக்கிறது. அந்த மானுக்குப் பறவையின் அலகு. அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று சொல்ல எவரும் இல்லை.

இன்னொரு செய்தி என்னை இதைவிடவும் பாதித்தது. எகிப்தின் கெபலீன் என்ற இடத்தில் கண்டெடுக்கப்பட்ட 5,000 வருடங்களுக்கு மேற்பட்ட ஆணின் உடல் ஒன்று, லண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. அவனுடைய மேற்கையில் ஒரு கருந்திட்டு இருந்ததை எல்லாரும் கண்டிருந்தார்கள். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது காட்டெருதும் காட்டுச் செம்மறியும் என்று தெரிந்தது. 2018 ஆம் ஆண்டு அந்தச் செய்தி வெளியானது. லட்சக்கணக்கான கண்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தும் காணாத எருது அது. நான் ஒரே குசினியில் இருந்து காணாத தேளைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

காலையில் எழுந்ததும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவை அழைத்தேன். அக்காவுக்கு எண்பதை எட்டும் வயது. காது மந்தம், ஞாபகம் மட்டும் கூர்மை.

"வால் முழங்கைப் பக்கம்" என்றார், யோசிக்காமலே. "தலை மணிக்கட்டைப் பாத்தபடி. தம்பி சின்னவன் மாறிச் சொல்லுறான்."

"உங்களுக்கு நிச்சயமோ அக்கா?"

"கடைசியா அம்மாவைக் குளிப்பாட்டினது நானெல்லே. எனக்குத் தெரியாதே? எட்டுக் கால். முன்னாலை இருக்கிற இடுக்கிக் கை ஒண்டுதான். மற்றது இல்லை."

"ஏன், குறத்தி அதைக் குத்தேல்லையோ?"

தொலைபேசியில் சிறிது நேரம் சத்தம் இல்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடி கேட்டேன்.

"குத்தினவள். அது பிறகு போனது" என்றார் அக்கா. "உனக்குத் தெரியும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். நீ அந்தப் பரிசளிப்பு முடிஞ்சு வந்து சொன்னாயெல்லே, அழிச்சுப்போட்டு வாங்கோ எண்டு. அம்மா சுண்ணாம்பு வைச்சுக் கட்டிப் பாத்தவ. சுண்ணாம்பு வைச்சால் பச்சை போகுமெண்டு ஆரோ சொன்னவை. ஒரு பக்கம் வெந்து புண்ணாய்ப் போச்சுது. நான்தான் பயத்திலை கழுவிவிட்டனான். இரண்டு கிழமை துணி சுத்திக்கொண்டு திரிஞ்சவ. அடுப்பு சுட்டதெண்டு அப்பாவுக்குச் சொன்னவ."

எனக்கு அந்தத் துணி ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணி. அடுப்பு சுட்டது என்றுதான் நானும் நம்பினேன். அல்லது, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

"அம்மா என்னிலை கோவிச்சவவோ?" என்று கேட்டேன். எழுபது வயதைக் கடந்த ஒருவன் கேட்கும் கேள்வி அல்ல அது. ஆனாலும் கேட்டேன்.

"இல்லையடா. நீ பத்திரிகையிலை எழுதின முதல் கட்டுரையை வெட்டித் தலையணைக்குக் கீழை வைச்சிருந்தவ. கோவமெண்டால் வைப்பாவோ?" என்றார் அக்கா. பிறகு, நெல் காயப்போட்டிருக்கிறேன், காகம் வருகுது என்று வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் தம்பியின் மகளுக்கு நான் அழைப்பு எடுக்கவில்லை. வால் முழங்கைப் பக்கம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, இரண்டு இடுக்கிக் கைகளையும் ஒழுங்காகக் கீறி அனுப்பியிருக்கலாம். அவளுக்கு அது போதும். அவள் தேடியது தன் அப்பம்மாவின் அழகான அடையாளம் ஒன்றைத்தான். தேள்களில் ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலேயே தமிழ் இருக்கிறது என்று முதல் நாள் பெருமையோடு சொல்லியிருந்தாள். இந்தியச் செந்தேளுக்கு 1798 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டவரான ஃபப்ரீசியஸ் இட்ட பெயரில் வரும் 'தமுலஸ்' என்ற சொல்லைத்தான் சொன்னாள். அப்பம்மாவின் தேள் அவளுக்கு ஊர், மொழி, பரம்பரை என்று எல்லாமாக இருந்தது. அந்தத் தேளை அப்பம்மா தன் வாழ்நாள் முழுவதும் மறைத்துக்கொண்டு திரிந்தார் என்பதையும், அதை அழிக்கச் சொன்னவன் நான் என்பதையும் எப்படிச் சொல்வது?

ஆனால் ஐம்பது வருடங்களாகப் பிறருடைய உண்மைகளை அச்சில் ஏற்றியவன் நான். ஒருவர் மறைத்ததை எழுதும்போது, மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று வாதிட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் தோலில் சுமக்கப்போகிறவளுக்கு அந்த உரிமை இல்லையா? ஞாயிற்றுக்கிழமை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புடையன் பாம்பிலிருந்து சுண்ணாம்பு வரைக்கும்.

அவள் இடைமறிக்காமல் கேட்டாள். நான் முடித்த பிறகு, "நான் அங்கை வந்த நேரம் எனக்குப் பத்து வயது பெரியப்பா" என்றாள். 2003 இல், சமாதான காலத்தில், தகப்பனோடு வந்திருந்தாள். "அப்பம்மா என்னை மடியிலை வைச்சிருந்து அந்தத் தேளைத் தொடவிட்டவ. கொட்டாதோ எண்டு கேட்டன். உனக்குக் கொட்டாது எண்டவ. ஒரு இடம் மட்டும் வழுவழுப்பா இருந்தது. ஏனெண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை."

எங்கள் எல்லாருக்கும் மறைத்த கையை அந்தப் பிள்ளைக்கு மட்டும் அம்மா நீட்டியிருக்கிறார். 2006 இல் அம்மா போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று வருடங்களில் வேறு யாருக்காவது காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை.

"அப்ப எப்பிடிக் கீறுறது பெரியப்பா? ரண்டு கையும் வைக்கிறதோ?"

"நீ தொட்டது எப்படி இருந்ததோ அப்படிக் கீறு" என்றேன்.

பச்சை ஏன் அழிவதில்லை என்பதற்கு 2018 இல் பிரான்சிய ஆய்வாளர்கள் எலிகளில் பரிசோதித்து ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள். மையின் துகள்களைத் தோலில் உள்ள சில உயிர்க்கலங்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தக் கலங்கள் சாகின்றன. சாகும்போது வெளியே விடும் மையை, பின்னால் வரும் புதிய கலங்கள் விழுங்கிக்கொள்கின்றன. படம் நிற்பது அப்படித்தான். இதைப் படித்தபோது தம்பியின் மகளுக்கு அனுப்பிவைத்தேன். அவள் ஒரு சிரிப்புப் படத்தைப் பதிலாக அனுப்பினாள்.

போன மாதம் அவள் குத்திக்கொண்டாள். ஸ்காபரோவில் உள்ள ஒரு கடையில், இரண்டு மணித்தியாலம் ஆனதாம். இடது முன்கையில், வால் முழங்கையைப் பார்த்தபடி, எட்டுக் கால்களோடும் ஒரே ஒரு இடுக்கிக் கையோடும் தேள் இருக்கிறது. மற்றக் கை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டாராம், இது தவறில்லையா என்று.

படத்தை அக்காவின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைத்தேன். பேரன் ஒருவன் பெருப்பித்துக் காட்டியிருக்கிறான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாராம். பிறகு என்னை அழைத்துச் சொன்னார்: "அம்மாவின்ரையை விடக் கொஞ்சம் பெரிசாய்ப் போச்சுது. ஆனால் வால் சரி."

நானும் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.